மனோரஞ்சிதம் பேரில் ஒரு பற்று நோட்டு

அன்று காலை கடையில் இருந்தவர்கள் ஆறு பேர். கல்லாப் பெட்டிக்குப் பின்னால் அப்பா. தராசுக்குப் பக்கத்தில் பொன்னையா அண்ணன். கடையையும் வீட்டையும் பிரித்த கோணித் திரைக்கு அந்தப் பக்கம் அம்மா. மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு அரைப் பலம் மிளகு கேட்டு நின்ற குப்பம்மா. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச்சு ஓட்டிவிட்டு வந்து, தூணில் கட்டியிருந்த கயிற்று நெருப்பில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்த ராஜு. ஆறாவது ஆள் நான். அரிசி மூட்டை மேல் படுத்திருந்த பூனையைச் சேர்த்தால் ஏழு. இந்தக் கணக்கை எத்தனை தரம் கூட்டிப் பார்த்திருப்பேனோ தெரியாது. குப்பம்மா அன்று முதலில் அடுத்த தெருவுக்குப் போயிருந்தால், ராஜு நேரே வீட்டுக்குப் போய்த் தூங்கியிருந்தால், விஷயம் அந்தத் திரைக்குள்ளேயே அடங்கியிருக்குமே என்று இன்றைக்கும் ஆளை ஆளாகக் கழித்துப் பார்ப்பேன். ஆனால் அந்த ஆறு முகங்களைவிட எனக்கு நன்றாக நினைவிருப்பது என் வாயில் இருந்த ருசி. நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுகிற ஊதாப் பென்சிலின் கசப்பு. அப்பா கையில் விரித்து வைத்திருந்த நோட்டை அந்தப் பென்சிலால் எழுதியவள் நான். அதை எழுதியது பொன்னையா அண்ணன் என்று அப்பா நினைத்துக்கொண்டிருந்தார்.

நயா பைசா வருவதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி நடந்தது இது. ராயபுரத்தில் சரக்கு ரயில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவே இருந்த தெருவில் எங்கள் மளிகைக் கடை. அப்பா தெற்கே இருந்து வந்தவர். தெருவில் பெரியவர், சிறியவர் எல்லாருக்கும் அவர் "அண்ணாச்சி". அந்தக் காலத்தில் மளிகைக் கடை என்றால் பாதி காகிதக் கடை. கடுகு, சீரகம், காப்பிப்பொடி எல்லாம் "பொட்டலம்" கட்டித்தான் கொடுக்க வேண்டும். அதற்காகப் பழைய வாரப் பத்திரிகைகளை வீசைக் கணக்கில் வாங்கிப் போடுவார் அப்பா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவற்றைத் தாள் தாளாகப் பிரித்து, பெரியது தனி, சின்னது தனி என்று அடுக்குவது என் வேலை. அந்த அடுக்கில்தான் எனக்கு அந்தத் தொடர்கதை அகப்பட்டது.

முதல் நாலு அத்தியாயம் கிடையாது. ஆகவே கதையின் பெயரும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. நடுவில் ஒன்பதாவது அத்தியாயம் புளியைச் சுமந்துகொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போய்விட்டது. பதினேழும் பதினெட்டும் துவரம் பருப்போடு போயின. கிடைத்ததையெல்லாம் கோணி ஊசியால் சணல் கோத்துத் தைத்து, காய்ந்த மிளகாய் மூட்டைக்கு அடியில் வைத்திருந்தேன். மிளகாய் மூட்டையை யாரும் அவசியமில்லாமல் நகர்த்த மாட்டார்கள், தும்மல் வரும். ஒவ்வொரு தரம் படிக்க எடுக்கும்போதும் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். அந்தக் கதையின் சோகமான இடங்களுக்கு நான் அழுதது எவ்வளவு, மிளகாய்க்கு அழுதது எவ்வளவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒளித்து வைத்ததற்குக் காரணம் இருந்தது. "கதைப் புஸ்தகத்தை எடுத்தா பொம்பளப் பிள்ளை அடுப்பையும் மறந்துரும், ஆளையும் மறந்துரும்" என்பது அம்மாவின் கட்சி. அப்பா இன்னும் சுருக்கமாகச் சொல்லியிருந்தார்: "கதைப் புஸ்தகம் கையில பாத்தேன்னா அன்னைக்கே பள்ளிக்கூடம் நின்னுச்சுன்னு வச்சுக்கோ." அவர் ஒரு தரம் சொன்னால் சொன்னதுதான். தராசில் நிறுத்துப் போட்ட மாதிரி.

இந்த நிலையில்தான் ரெபேக்கா டீச்சர் எங்கள் மூன்றாம் பாரத்துக்குத் தமிழ் எடுக்க வந்தார். இப்போதைய கணக்கில் எட்டாம் வகுப்பு. பயிற்சி முடித்து அப்போதுதான் வந்தவர், இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒரு திங்கட்கிழமை அவர் எங்களிடம், ஆளுக்கொரு நாவலை அவரவரே தேர்ந்தெடுத்துப் படிக்க வேண்டும், யாரும் யாரையும் பார்த்து எடுக்கக் கூடாது என்றார். அதன்பிறகு சொன்னதுதான் வகுப்பையே கலக்கியது. "கதைச் சுருக்கம் எழுதிக்கிட்டு வராதீங்க. எனக்குச் சுருக்கம் வேண்டாம். அந்தக் கதையைப் படிச்சதும் உங்க கை எதைச் செய்யணும்னு துடிக்குதோ, அதைச் செஞ்சு கொண்டு வாங்க. படமோ, பாட்டோ, பொம்மையோ, எதுவானாலும் சரி." மூன்று வாரம் கொடுத்தார். என் பெஞ்சில் இருந்தவள் அன்றே தீப்பெட்டி சேர்க்க ஆரம்பித்துவிட்டாள், கதையில் வரும் பங்களாவைக் கட்டப் போவதாக. எனக்கோ படம் வரைய வராது, பாட வராது, தையலும் வராது. என் கைக்குத் தெரிந்தது பொட்டலம் மடிப்பதும், பொன்னையா அண்ணன் பற்று எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும்தான்.

பத்து நாள் தூக்கம் கெட்டு யோசித்த பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. என் கதையில் இருந்தவர்கள் எல்லாரும் ஓர் ஊரில், ஒரு தெருவில் இருக்கிறார்கள். அந்தத் தெருவிலும் ஒரு மளிகைக் கடை இருக்கத்தானே வேண்டும்? கதை எழுதியவர் அதை எழுதவில்லை, அவ்வளவுதான். அவர்களும் அரிசி வாங்கியிருப்பார்கள், மண்ணெண்ணெய் வாங்கியிருப்பார்கள், கையில் காசு இல்லாத அன்று கடன் சொல்லியிருப்பார்கள். அந்தக் கடையின் "பற்று நோட்டு" என்னிடம் இருந்தால் எப்படி இருக்கும்?

வேலையில்லாமல் கிடந்த ஒரு நீளநோட்டை எடுத்துக்கொண்டேன். கடை நோட்டு கடை நோட்டாகவே இருக்க வேண்டும் என்ற பிடிவாதம். ஆகவே பொன்னையா அண்ணனின் ஊதாப் பென்சில், அவருடைய சாய்ந்த எழுத்து, ஒன்பதுக்கு அவர் போடும் நீளமான வால் எல்லாவற்றையும் அப்படியே பிடித்தேன். மாடிவீட்டு மிராசுதார் வைத்தியலிங்கம் பேரில் பாதாம் பருப்பும் குங்குமப்பூவும் எழுதினேன். வரவு என்று ஒன்றும் எழுதவில்லை, அவரிடம் போய்க் கேட்கக் கதையில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. கோயில் தெரு ஓட்டு வீட்டில் தாயோடு தனியாக இருந்த மனோரஞ்சிதத்தின் பேரில் காப்பிப்பொடி இரண்டு பலம், சீனி கால் வீசை. தாய்க்கும் மகளுக்கும் காப்பி குடிக்கிற வழக்கம் இல்லை என்று ஆறாவது அத்தியாயத்தில் வருகிறது. வாத்தியார் சிதம்பரநாதன் அந்த வீட்டுக்கு வருகிற நாட்களில் மட்டும்தான் அவள் காப்பிப்பொடி வாங்கினாள். வாத்தியாருடைய பக்கத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும். அரிசியைக் குறைத்துக்கொண்டு போகிறார், மண்ணெண்ணெயைக் குறைக்கவில்லை. ராத்திரி படிக்க விளக்கு வேண்டுமே. எழுத எழுத எனக்கு அவர்கள் கடை வாசலில் வந்து நிற்பது போலவே இருந்தது.

நோட்டை எங்கே வைப்பது? பையை அம்மா பார்ப்பாள். ஆகவே கடையிலேயே, பொன்னையா அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஆணியில் கோத்துத் தொங்கிய மற்றப் பற்று நோட்டுகளோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். அதைவிட நல்ல இடம் கிடையாது என்று நினைத்தேன். எல்லாவற்றுக்கும் பயந்து சாகிற நான், பயப்பட வேண்டிய ஒன்றை மட்டும் மறந்துபோனேன். துறைமுகத்தில் சம்பளம் போட்ட மறுநாள், அப்பா எல்லா நோட்டையும் இறக்கி, யாரிடம் எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார். நாவல் வேலையைப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய நாளும் அதுவாகவே அமைந்தது. விடிந்ததும் எடுத்துக் கடைசி இரண்டு வரியை எழுதி, வீட்டுக்குள் அம்மா கூப்பிட்டாள் என்று ஆணியிலேயே மாட்டிவிட்டுப் போனேன். தலை பின்னித் திரும்பி வருவதற்குள் அப்பா கையில் இருந்தது.

"ஏலே பொன்னையா, இது யாருல மனோரஞ்சிதம்?"

பொன்னையா அண்ணன் மிளகை நிறுத்தபடியே திரும்பினார். "யாரு அண்ணாச்சி?"

"அதைத்தான நான் உங்கிட்ட கேக்கேன். கோயில் தெரு, ஓட்டு வீடு, மனோரஞ்சிதம். காப்பிப்பொடி ரெண்டு பலம். மறுபடியும் காப்பிப்பொடி ரெண்டு பலம். வாரத்துக்கு மூணு தரம் காப்பிப்பொடி!"

"எனக்குத் தெரியாது அண்ணாச்சி."

"உங் கையெழுத்து உனக்குத் தெரியாதோ?"

ராஜு பீடியை வாயிலிருந்து எடுத்தார். "இன்னா மாமு, தோஸ்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்ல? மனோரஞ்சிதமாமே! பேரே சோக்கா கீது."

"நீ சும்மா கெட, கலியாணம் ஆவப்போற புள்ளைய" என்று குப்பம்மா அவரை அடக்கினாள். அடக்கிவிட்டு அவளே, "ஆனா ரெண்டு பலமா? நான் ஒரு பலம் கடன் சொன்னாலே மூஞ்சியத் தூக்கிக்கினு நிப்பியே பொன்னையா!" என்றாள்.

அப்பா பக்கத்தைத் திருப்பினார். "மிராசுதார் வைத்தியலிங்கம், குங்குமப்பூ... நம்ம கடையில எப்பல குங்குமப்பூ இருந்திச்சி? வெளியில வாங்கிக் குடுத்தியா? எங் கல்லாவில இருந்து எடுத்து வாங்கிக் குடுத்தியா?" விரலை மடக்கிக் கூட்டினார். மூன்று கணக்கும் சேர்ந்து நாற்பத்தேழு ரூபாய் சொச்சம் வந்தது.

பொன்னையா அண்ணனுக்கு அப்போது இருபத்தாறு வயது. ஆறு வருஷமாக எங்கள் கடையில் இருந்தார். எங்கள் பக்கத்துக் கடைகளின் வழக்கப்படி மாதாமாதம் சம்பளம் வாங்காமல், அப்பாவிடமே சேர்த்து வைத்திருந்தார். மொத்தமாக வாங்கித் தனிக்கடை போட வேண்டும். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை மகளை அவருக்குப் பேசி முடித்திருந்தார்கள், தை பிறந்தால் கல்யாணம். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நின்றுகொண்டிருந்தேன்.

"சாயங்காலத்துக்குள்ள இது யாரு என்னன்னு எனக்குத் தெரியணும்" என்றார் அப்பா. "இல்லேன்னா உன் சம்பளத்தில பிடிச்சிட்டு இன்னைக்கு வண்டிக்கே ஏத்தி விட்டுருவேன். ஊருக்குக் காயிதமும் போட்டுருவேன், பொண்ணு வீட்டுக்கு."

நான் வாயைத் திறந்தால் என் பள்ளிக்கூடம் போகும். திறக்காவிட்டால் பொன்னையா அண்ணனின் ஆறு வருஷமும் கல்யாணமும் பேரும் போகும். பன்னிரண்டு வயதில் இதை இவ்வளவு தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது என்றாலும், விஷயம் புரிந்திருந்தது. "அப்பா" என்று ஆரம்பித்தேன். அப்பா நிமிரவில்லை. பொன்னையா அண்ணன்தான் நிமிர்ந்தார். அவர் பார்வை என் முகத்தில் இல்லை, வாயில் இருந்தது. பென்சிலை நாக்கில் தொட்டு எழுதுகிறவர்களின் நாக்கு எப்படி ஊதாவாகிவிடும் என்று அந்தக் கடையில் அவரைவிடத் தெரிந்தவர் யார்?  பிறகு மிளகுப் பொட்டலத்தைக் கட்டிச் சணலைப் பல்லால் அறுத்தபடி, "பாப்பா, மணியடிச்சிருவாங்க. வாயை மூடிக்கிட்டு ஓடு" என்றார்.

ஓடினேன். அதுதான் நான் செய்தது. இதை இன்னொரு விதமாக எழுதிவிடலாமா என்று யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

வகுப்பில் ஒவ்வொருத்தியாக முன்னால் போனார்கள். தீப்பெட்டி பங்களாவில் மாடிப்படிகூட இருந்தது. ஒருத்தி கதாநாயகி எழுதியது போல ஏழு தபால் கார்டு எழுதி, ஒவ்வொன்றிலும் கண்ணீர் விழுந்த மாதிரி தண்ணீர் தெளித்திருந்தாள். இன்னொருத்தி வில்லனுக்கு ஜாதகம் கணித்துக் கொண்டுவந்திருந்தாள். அவள் அப்பா ஜோசியர். எல்லாரும் கைதட்டினார்கள். என் முறை வந்தபோது வெறுங்கையோடு எழுந்து நின்றேன். டீச்சர் என்னைக் கிட்டே கூப்பிட்டு, ஏன் வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறாய் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அழுதேன். மணி அடித்து எல்லாரும் போன பிறகு, நோட்டு, பென்சில், மனோரஞ்சிதம், வண்டி, காயிதம் என்று முன்னுக்குப் பின்னாகச் சொல்லி முடித்தேன். நானே வந்து உங்கள் அப்பாவிடம் சொல்கிறேன் என்று அவர் சொல்லுவார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. "என்கிட்ட சொல்லிட்டா அந்த மனுஷன் பெட்டியைக் கட்டாம இருப்பாரா?" என்று கேட்டார், அவ்வளவுதான்.

அதற்குள் அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. அப்பா பணத்தை விடுகிறவர் இல்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நோட்டைக் கக்கத்தில் இடுக்கி, குடையை எடுத்துக்கொண்டு வசூலுக்குக் கிளம்பிவிட்டார். கோயில் தெரு ஓட்டு வீடு என்று எழுதியிருந்தேன் அல்லவா? ராயபுரத்தில் கோயில் இல்லாத தெரு ஏது, ஓடு வேயாத வீடு ஏது? வீடு வீடாக நின்று, "இங்க மனோரஞ்சிதம்னு யாராவது உண்டா?" என்று விசாரித்திருக்கிறார். ஆண்கள் சந்தேகமாகப் பார்த்தார்கள். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். எதிரே வந்த ராஜு வேடிக்கைக்காக, "தண்டையார்பேட்டையில ஒரு மனோரஞ்சிதம் கீது அண்ணாச்சி, டிராமாக்காரி. பர்மாக்காரர் வூட்டாண்ட கேட்டா சொல்வாங்கோ" என்று ஒரு பொய்யை எடுத்துவிட, அந்த வெயிலில் தண்டையார்பேட்டை வரைக்கும் நடந்துவிட்டு வந்தார்.

நான் வீடு திரும்பியபோது விளக்கேற்றுகிற நேரம். காலையில் இருந்த அதே ஆறு பேர் இருந்தோம். புதிதாக ஒன்றே ஒன்று: பொன்னையா அண்ணனின் தகரப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டி, வாசலில் மீன் கூடைக்குப் பக்கத்தில். அப்பா சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார். குப்பம்மாவுக்கு விஷயம் வந்து சேர்ந்திருந்தது.

"இன்னா அண்ணாச்சி, வேகாத வெயில்ல டிராமாக்காரி வூட்டைத் தேடிக்கினு போனியாமே! அக்காவுக்குத் தெரியுமா?"

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பாத்திரம் கீழே வைக்கப்பட்டது. மெதுவாக வைக்கப்படவில்லை.

"மனோரஞ்சிதம்னு ஒருத்தி இந்த ராயபுரத்திலயே கிடையாது" என்றார் அப்பா, நோட்டை மடியில் போட்டுக்கொண்டு. "பொய்ப் பேரு எழுதி எங் காசை எடுத்திருக்கான்." பொன்னையா அண்ணன் குனிந்து பெட்டிக் கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்தார்.

 பயந்தவர்களுக்குப் பேச்சைவிடக் கை சுலபம். கல்லாவுக்குப் பக்கத்துத் தட்டிலிருந்து ஊதாப் பென்சிலை எடுத்தேன், நாக்கில் வைத்து அழுத்தித் தேய்த்தேன், ஒரு பொட்டலத் தாளை இழுத்து, "மனோரஞ்சிதம், காப்பிப்பொடி 2 பலம்" என்று சாய்ந்த எழுத்தில் எழுதி அப்பா முன்னால் வைத்தேன். பிறகு நாக்கை நீட்டினேன். அப்பா தாளைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், என் நாக்கைப் பார்த்தார். நான் மிளகாய் மூட்டையை இழுத்து நகர்த்தி, அடியில் இருந்த கதைக்கட்டைக் கொண்டுவந்து போட்டேன். எல்லாரும் தும்மினார்கள். பூனைகூட எழுந்து போயிற்று.

"இவங்க யாரும் ஆளு இல்லப்பா. கதையில வர்றவங்க. பள்ளிக்கூடத்துக்காக எழுதினேன்."

முதலில் வாய் திறந்தவள் குப்பம்மாதான். "அப்ப மனோரஞ்சிதமே இல்லியா? அடிப்பாவி, காலைலேருந்து எட்டு வூட்ல சொல்லிட்டேனே!"

யாரும் சிரிக்கவில்லை. ராஜு மட்டும் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். நான் அடிக்காகக் காத்திருந்தேன். அப்பா நோட்டை முதல் பக்கத்திலிருந்து திருப்ப ஆரம்பித்தார். அவர் கதை படித்து நான் பார்த்ததில்லை, கணக்கு மட்டும்தான் படிப்பார். ஆனால் இது கணக்கு. அதனால் படித்தார். வெகு நேரம் படித்தார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"இந்த வாத்தியாருக்கு எதுக்கு இம்புட்டுக் கடன் குடுத்தே? சம்பளம் என்ன அவனுக்கு?"

"முப்பது ரூபாப்பா. அதுவும் நாலு மாசமா வரலை. மிராசுதார் நிறுத்தி வச்சிட்டார்."

"பின்ன எப்படிக் கட்டுவான்?" கொஞ்சம் கீழே விரல் இறங்கியது. "இங்க வரவு ரெண்டு ரூவா, மனோரஞ்சிதம் மூலம்னு இருக்கு. இவ எதுக்கு அவன் கடனைக் கட்டுதா?"  அந்த வரவு கதையில் இல்லை, நானாக எழுதியது. அப்பா அந்த வரியை மறுபடியும் பார்த்தார். "அவனுக்குத் தெரியுமா, இவ கட்டினது?"

"தெரியாதுப்பா."

"கடைசியில அவன் வந்தானா? மிச்சத்தைக் கொடுத்தானா?"

"அவர் ஊரைவிட்டுப் போறதோட என்கிட்ட இருக்கிற பக்கம் முடிஞ்சுபோச்சு. கடைசி அத்தியாயம் இல்லைப்பா. நம்ம கடையிலேயே பொட்டலமாப் போயிருக்கும்."

அப்பா கூட்டலைச் சரிபார்த்தார். ஓர் அரையணாகூடத் தப்பில்லை. நோட்டை மூடி மற்ற நோட்டுகளோடு ஆணியில் மாட்டினார். பொன்னையா அண்ணனைப் பார்க்காமல், "பெட்டியை உள்ள எடுத்து வைல" என்றார். மன்னிப்பு என்று அவருக்குத் தெரிந்த சொல் அவ்வளவுதான்.

நோட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோக அவர் விடவில்லை. கடைக் கணக்கு கடையைத் தாண்டக் கூடாது என்பது அவர் சட்டம். கதைக் கணக்கானாலும் சரி. ஆகவே ரெபேக்கா டீச்சர்தான் ஒரு சனிக்கிழமை கால் வீசை துவரம் பருப்பு வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்து, வாசலில் நின்றபடியே முழுவதும் படித்தார். "கார்த்திகைக்கு அப்புறம் மனோரஞ்சிதம் பேரில காப்பிப்பொடியே இல்லையே, ஏன்?" என்று கேட்டார். "வாத்தியார் அவங்க வீட்டுக்கு வர்றது நின்னுபோச்சு டீச்சர்" என்றேன். டீச்சர் நோட்டை மூடிக் கொடுத்தார். போகும்போது அப்பாவிடம், "இவளை எஸ்.எஸ்.எல்.சி. முடிக்கிற வரைக்கும் படிக்க வையுங்க ஐயா" என்றார். "பாப்பம்" என்றார் அப்பா.

கதைப் புஸ்தகம் பிடிபட்டதற்காக என் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. அந்த வருஷப் பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு நாளும் இன்று நிற்கும், நாளை நிற்கும் என்று பயந்தேன், நிற்கவில்லை. பரீட்சை முடிந்த பிறகு அப்பா கூப்பிட்டு, "ஏட்டி, கணக்கு நல்லா எழுதுத. கூட்டலும் சுத்தமா இருக்கு. இனி பற்று நோட்டை நீயே எழுது" என்றார். அப்படித்தான் என் பள்ளிக்கூடம் நின்றது. கோபத்தில் நிறுத்தியிருந்தால் அழுது கேட்டிருக்கலாம். மெச்சி நிறுத்தினதால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

நான் எழுத வேண்டியிருந்ததற்குக் காரணம், எழுதுகிற ஆள் அப்போது இல்லை. தகரப் பெட்டியை உள்ளே எடுத்து வைத்த பொன்னையா அண்ணன் பத்து நாள்தான் இருந்தார். பதினோராம் நாள், சம்பளக் கணக்கை முடித்துக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டார். அப்பா வாதாடவில்லை. ஆறு வருஷத்துக்கும் காசு பாக்கியில்லாமல் எண்ணிக் கொடுத்து, கூடவே கடையின் இரண்டாவது தராசையும் படிக்கற்களையும் கேட்காமலே கொடுத்தார். குற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் ஏன் போனார் என்று அம்மா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பா கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். போகிற அன்று பொன்னையா அண்ணன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "பாப்பா, அந்த வாத்தியார் பாக்கியை வரவு வச்சிராத. கடைசிப் பக்கம் கிடைக்கட்டும், பாத்துக்கிடலாம்."

திருவொற்றியூரில் கடை போட்டார். தையில் பேசின பெண்ணையே கட்டினார். ஏழெட்டு வருஷம் கழித்து ஒரு விசேஷத்துக்குப் போனபோது அவர் கடை வாசலில் நின்றேன். பொட்டலம் கட்டத் தாளை எடுக்கும்போதெல்லாம் ஒரு நொடி திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் மடித்தார். என்னைக் கண்டதும், "இன்னும் அகப்படல பாப்பா" என்றார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அன்றாவது கேட்டிருக்கலாம். கூட்டமாக இருந்தது, நாளைக்குக் கேட்கலாம் என்று வந்துவிட்டேன். அந்த நாளை வரவில்லை.

இப்போது எங்கள் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். தெருமுனையில் கண்டெய்னர் லாரிகள் ராப்பகலாக நிற்கின்றன. ஊதாப் பென்சில் இல்லை, சணல் உருண்டை இல்லை, பலமும் வீசையும் அணாவும் இல்லை. எல்லாம் ஒட்டி மூடின பிளாஸ்டிக் பையில் வருகிறது, அதில் கதை அச்சடிப்பதில்லை. அப்பா காலமான பிறகு அந்த நீளநோட்டு என்னிடம் வந்தது. அலமாரியில் பத்திரங்களோடு வைத்திருக்கிறேன். பூட்டியிருக்கிறதா என்று தினம் இரண்டு தரம் பார்ப்பேன். இந்தப் பழக்கம் அந்த வருஷத்திலிருந்து வந்தது.

சில நாட்களாக எனக்கு ஒரு கவலை. என் காலத்துக்குப் பிறகு பேரப் பிள்ளைகள் யாராவது இதை எடுப்பார்கள். சாய்ந்த எழுத்தைப் பார்த்து, இது யாரோ ஒருவருடைய கடன், யாரோ ஒருவருடைய துரோகம் என்று நினைப்பார்கள். மறுபடியும் ஒருவர் மேல் பழி விழுந்துவிடுமோ என்று இருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதினேன். மனோரஞ்சிதம் என்று ஒருவரும் ராயபுரத்தில் இருந்ததில்லை. அவளைத் தேடிக்கொண்டு யாரும் போக வேண்டாம். அதை எழுதியது பொன்னையா அண்ணன் அல்ல, நான்.

கடைசி அத்தியாயம் இன்றுவரை கிடைக்கவில்லை. பழைய புத்தகக் கடைகளில் கட்டுக்கட்டாகப் பிரித்துப் பார்த்துவிட்டேன். கதையின் பெயர் தெரியாமல் எதை என்று கேட்பது? வாத்தியார் திரும்பி வந்தாரா, அவளிடம் தன் மனதைச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. மிராசுதார் கணக்கை அப்பாவே ஒருநாள் "வராது" என்று எழுதி அடித்துவிட்டார். மனோரஞ்சிதத்தின் கணக்கில் இப்போது பாக்கி இல்லை, பின்னால் நானே வரவு எழுதித் தீர்த்தேன். சிதம்பரநாதன் வாத்தியார் பேரில், மனோரஞ்சிதம் கட்டிய இரண்டு ரூபாய் போக, இன்னும் நிற்பது பதினோரு ரூபாய் பதின்மூன்று அணா ஆறு பை.